பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கு: ஃபோர்டு தானியங்கி கியர்பெட்டிச் சிக்கலும் 1980 உடன்படிக்கையும்

ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கியர் நெம்புகோலைப் 'பார்க்' நிலைக்குத் தள்ளி, இயந்திரத்தை அணைக்காமல் இறங்குகிறார். கேரேஜ் கதவைத் திறக்க வேண்டும், அல்லது பின்பெட்டியிலிருந்து ஒரு பையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சில நொடிகளோ சில நிமிடங்களோ கழித்து வண்டி தானாகவே 'ரிவர்ஸ்' நிலைக்கு மாறிப் பின்னோக்கிப் பாய்கிறது. 1970களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஃபோர்டு நிறுவன வண்டிகளில் திரும்பத் திரும்ப நிகழ்ந்த இந்தப் பழுது, 'பார்க்கிலிருந்து ரிவர்ஸ்' சிக்கல் என்று அறியப்படுகிறது. 1966 முதல் 1980 வரையான மாதிரி ஆண்டுகளைச் சேர்ந்த சுமார் 2.3 கோடி வண்டிகள் இதில் அடங்கின. 1980ஆம் ஆண்டின் இறுதிக்குள் அரசின் பாதுகாப்பு நிர்வாகத்திடம் ஏறத்தாழ 23,000 புகார்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் 6,000 விபத்துகள், 1,710 பேர் காயம், 98 பேர் இறப்பு ஆகியவை சொல்லப்பட்டிருந்தன.

இந்த விவகாரம் முடிந்த விதம்தான் இதை வாகன வரலாற்றில் தனித்து நிறுத்துகிறது. ஒரு வண்டியும் பட்டறைக்கு அழைக்கப்படவில்லை, ஓர் உதிரிப்பாகமும் மாற்றப்படவில்லை. உரிமையாளர்களுக்கு அஞ்சலில் ஓர் எச்சரிக்கை ஒட்டுவில்லை அனுப்பப்பட்டது.

பார்க் நிலை வந்த வழி

பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரா-மாட்டிக் ஆகும். ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளரின் தலைமையில் உருவான இது, 1939இன் பிற்பகுதியில் 1940 மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் விற்பனைக்கு வந்தது. கிளட்ச் மிதி இல்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் எம்5 இலகு டாங்கிகளிலும் இதே கியர்பெட்டி பொருத்தப்பட்டது. போருக்குப் பின் ப்யூக்கின் டைனாஃப்ளோ 1948 மாதிரியிலும், ஷெவ்ரலேயின் பவர்கிளைடு 1950 மாதிரியிலும், ஃபோர்டின் ஃபோர்டோமாட்டிக் 1951 மாதிரியிலும் வந்தன. பிறகு அமெரிக்கச் சாலைகளில் கிளட்ச் மிதிப்போர் மெல்ல மெல்லச் சிறுபான்மையினர் ஆயினர்.

அந்த முதல் ஹைட்ரா-மாட்டிக்கில் பார்க் என்ற நிலையே கிடையாது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. வண்டியை நிறுத்துபவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு நெம்புகோலை ரிவர்ஸில் விட வேண்டும். உள்ளே ஒரு பூட்டு விழுந்து சக்கரங்களை இறுக்கும். பின்னாளில் ஆளைக் கொன்ற அதே ரிவர்ஸ் நிலைதான் அன்று வண்டியைப் பிடித்து நிறுத்தும் நிலையாகவும் இருந்தது.

தனியான பார்க் நிலை அடுத்தடுத்த வடிவமைப்புகளில் வந்தது. ஆனால் எழுத்துகளின் வரிசையில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. சில வண்டிகளில் பார்க், நியூட்ரல், டிரைவ், லோ, ரிவர்ஸ் என்ற வரிசை. அதாவது முன்னோக்கிச் செல்லும் லோ நிலையும் பின்னோக்கிச் செல்லும் ரிவர்ஸ் நிலையும் அடுத்தடுத்து இருந்தன. கை சற்றுத் தவறினாலும் வண்டி எதிர்த்திசையில் கிளம்பிவிடும். ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட, கார்களின் ஆபத்துகளைப் பற்றிய புகழ்பெற்ற நூலில் இந்த வரிசையையும் ஒரு குற்றச்சாட்டாக வைத்தார். அடுத்த ஆண்டு, 1966இல், தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 102ஆம் எண் பாதுகாப்புத் தரம், முன்னோக்கு நிலைகளுக்கும் ரிவர்ஸுக்கும் இடையில் நியூட்ரல் இருக்க வேண்டும் என்றது. பார்க் நிலை இருந்தால் அது வரிசையின் கடைசியில், ரிவர்ஸுக்கு அடுத்து அமைய வேண்டும் என்றும் அதே தரம் விதித்தது.

ஒரு பழைய ஆபத்தை நீக்க வந்த விதி அது. அந்த வகையில் சரியான விதியும்கூட. ஆனால் பார்க்கும் ரிவர்ஸும் அண்டைவீட்டார் ஆனது அதோடு சட்டப்படி உறுதியாயிற்று. ஃபோர்டு வண்டிகளில் ஏற்கெனவே அந்த வரிசைதான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள சிறிய இடைவெளியில் நெம்புகோல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை விதி தொடவில்லை.

பெட்டிக்குள் நடந்தது

பழுது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, பார்க் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் இருப்பதை அறிய வேண்டும். நெம்புகோலைப் பார்க்குக்குத் தள்ளும்போது, எண்ணெய் அழுத்தத்தைக் கிளட்சுகளுக்கு அனுப்பும் வால்வு மூடிக்கொள்கிறது. அதே அசைவில், வெளியேறும் தண்டின் மீதுள்ள பல்சக்கரம் ஒன்றின் பற்களுக்கிடையே ஓர் இரும்பு நாக்கு சென்று விழுகிறது. முதல் வேலை இயந்திரத்தின் ஆற்றலைத் துண்டிக்கிறது. இரண்டாவது வேலை சக்கரங்களைப் பூட்டுகிறது. முதலாவது மட்டும் நடந்து இரண்டாவது நடக்காமல் போனால், வண்டி நியூட்ரலில் நிற்பது போலத்தான் நிற்கும்.

அக்கால ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் நெம்புகோல் ஸ்டீயரிங் தண்டின்மேல் இருந்தது. அங்கிருந்து கம்பிகளும் இணைப்புகளும் கீழே இறங்கி கியர்பெட்டியின் பக்கவாட்டுக் கையைத் திருப்பும். பெட்டிக்குள் அந்தக் கையோடு சேர்ந்து சுழலும் ஒரு தகடு உண்டு. அதன் விளிம்பு சேவல் கொண்டைபோல் மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்டிருக்கும். சுருள்வில்லால் அழுத்தப்பட்ட ஒரு சிறு உருளை அந்தப் பள்ளங்களில் ஒன்றில் உட்கார்ந்து, தேர்ந்தெடுத்த நிலையைப் பிடித்து வைக்கும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பள்ளம். ஓட்டுநரின் கையில் உணரப்படும் 'டக்' என்ற அந்தத் துள்ளல் இதனால் வருவதுதான்.

நெம்புகோல் முழுமையாகச் செல்லாமல் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நின்றால், உருளை இரண்டு பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேட்டின்மேல் நிற்கும். அந்த இடத்தில் ரிவர்ஸுக்கான எண்ணெய் வழி இன்னும் திறக்கவில்லை. ஆகவே வண்டி அசையாது. பூட்டும் நாக்கும் பல்லில் விழவில்லை. சுட்டிக்காட்டும் முள்ளோ ஏறக்குறைய பார்க்குக்கான எழுத்தருகே நிற்கும். ஓட்டுநரின் கை, கண், காது மூன்றுக்கும் வண்டி பார்க்கில் நிற்பதாகவே தோன்றும். பாதுகாப்பு விசாரணைகளில் இது 'போலிப் பார்க்' என்று குறிப்பிடப்பட்டது.

மேட்டின்மேல் நிற்கும் உருளை எந்நேரமும் ஒரு பக்கம் உருளக் காத்திருக்கிறது. இயந்திரத்தின் அதிர்வு போதும். ஓட்டுநர் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாலும் போதும். உருளை ரிவர்ஸ் பள்ளத்துக்குள் விழுந்தவுடன் வால்வு திறந்து, எண்ணெய் அழுத்தம் ரிவர்ஸ் கிளட்சை இறுக்கி, வண்டி கிளம்பிவிடும். அதுவும் குளிர்ந்த இயந்திரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில், காலையில் சூடேறும்வரை சோக் அமைப்பு இயந்திரத்தை வழக்கத்தைவிட வேகமாக ஓடவிடும். குளிர்காலக் காலையில் வண்டியைச் சூடாக விட்டுவிட்டு வீட்டுக்குள் போவது அமெரிக்கர்களின் அன்றாட வழக்கம். அந்த வேளையில் பின்னோக்கிக் கிளம்பும் வண்டி மெல்ல ஊர்ந்து போவதில்லை.

இணைப்புக் கம்பிகளின் தேய்மானமும் இதில் பங்கு வகிக்கும். புதிய வண்டியில் நெம்புகோலின் இருப்பும் உள்தகட்டின் இருப்பும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டுகளில் இடைவெளி விழுந்து, மேலே காட்டும் நிலையும் கீழே உள்ள நிலையும் சிறிது சிறிதாக விலகும். ஆனால் சிக்கலைப் பழைய வண்டிகளின் மூப்பு நோய் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. புகார்களில் புதிய வண்டிகளும் இருந்தன.

ஓட்டுநரா, வடிவமைப்பா

விபத்துகளின் விவரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பாதிக்கப்பட்டவர் வண்டிக்குப் பின்னாலோ, திறந்த கதவின் அருகிலோ நின்றிருப்பார். வண்டி நகர்வதைக் கண்ட ஓட்டுநர் ஓடிவந்து ஏறிப் பிரேக்கை மிதிக்க முயல்வார். ரிவர்ஸில் செல்லும் வண்டியின் திறந்த கதவு அவரையே இடித்துத் தள்ளி முன்சக்கரத்தின் பாதையில் கிடத்தும். தன் வண்டியைத் தானே காப்பாற்ற முனைந்த கணத்தில் அடிபட்டவர்கள் பலர்.

ஃபோர்டின் தரப்பு தெளிவானது. ஓட்டுநர்கள் நெம்புகோலை முழுமையாகப் பார்க்கில் போடுவதில்லை, கைபிரேக்கை இழுப்பதில்லை, இயந்திரத்தை ஓடவிட்டு இறங்குகிறார்கள். உரிமையாளர் கையேடு வேண்டாம் என்று சொல்லும் மூன்று செயல்கள் இவை. எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் நெம்புகோலைத் தவறாகப் போட்டால் இது நேரக்கூடும் என்பது அதன் வாதம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. தானியங்கி கியர்பெட்டி பழகிய அமெரிக்கர்களில் பலருக்குக் கைபிரேக் என்பது அவசரத்துக்கு மட்டும் உரிய ஒன்றாகிவிட்டிருந்தது. பேச்சு வழக்கில் அதன் பெயரே 'அவசர பிரேக்'. எனினும் பாதுகாப்பு நிர்வாகத்தின் கோப்புகளில் வேறொரு விஷயம் தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை ஓட்டியவர்களும் கிறைஸ்லர் வண்டிகளை ஓட்டியவர்களும் அதே கவனக்குறைவு உள்ள அதே நாட்டு மக்கள்தான். அப்படியிருந்தும் இவ்வகைப் புகார்கள் ஃபோர்டு வண்டிகளைப் பற்றியே மிக அதிகமாக வந்தன. மனிதத் தவறு எங்கும் ஒரே அளவில் இருக்க, விளைவு மட்டும் ஓரிடத்தில் குவிந்தால், காரணத்தை இரும்பில் தேடுவதே முறை. ஃபோர்டின் பொறியாளர்கள் 1970களின் தொடக்கத்திலேயே இச்சிக்கலை அறிந்திருந்தனர் என்று பின்னர் வழக்காடியவர்கள் நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் காட்டி வாதிட்டனர்.

விசாரணையும் சட்டமும்

தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1977இல் இந்த விசாரணையைத் தொடங்கியது. அவ்வாண்டு அதன் தலைமைக்கு வந்தவர் ஜோன் கிளேபுரூக்; நேடரின் நுகர்வோர் இயக்கத்தில் பணியாற்றியவர். நேடரும் நுகர்வோர் சங்கமும் சேர்ந்து 1970இல் நிறுவிய வாகனப் பாதுகாப்பு மையம், கிளாரன்ஸ் டிட்லோவின் தலைமையில், வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தது. 1980 ஜூனில் நிர்வாகம் தனது தொடக்க முடிவை அறிவித்தது: இந்த வண்டிகளில் பாதுகாப்பு தொடர்பான குறைபாடு உள்ளது.

'தொடக்க முடிவு' என்ற சொல் வெறும் அலுவலகச் சொல்லன்று. எல்லாமே அதில்தான் தொங்கியது. 1974இல் வந்த சட்டத் திருத்தம், குறைபாடு இருப்பதாக இறுதி முடிவு எட்டப்பட்டால் தயாரிப்பாளர் அதை இலவசமாகச் சரிசெய்துதர வேண்டும் என்றது. அதற்கு முன்பு குறைபாட்டை உரிமையாளருக்கு அறிவிப்பது மட்டுமே கடமை. பழுதுபார்க்கும் செலவைச் சட்டம் தயாரிப்பாளர்மேல் சுமத்தவில்லை. திருத்தத்தில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவரின் பெயரும் ஃபோர்டு என்பது தற்செயல். ஜெரால்டு ஃபோர்டுக்கும் கார் நிறுவனக் குடும்பத்துக்கும் உறவு இல்லை. தொடக்க முடிவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பொது விசாரணை நடத்தி, தயாரிப்பாளரின் பதிலைக் கேட்டு, இறுதி முடிவை அறிவித்த பிறகே கடமை பிறக்கும். அதன் பின்னும் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அதே திருத்தத்தில் இன்னொரு வரையறையும் இருந்தது. இலவசப் பழுதுநீக்கம், முதன்முதலில் வாங்கப்பட்டு எட்டு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே கிடைக்கும். 1980இல் பார்த்தால், 1966 முதல் 1970களின் தொடக்கம் வரை விற்ற வண்டிகள் இந்த எல்லைக்கு வெளியே போய்விட்டன. இரண்டாம் கை, மூன்றாம் கையாக அவற்றை வாங்கி ஓட்டியவர்கள் பெரும்பாலும் புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர்கள். அரசு வழக்கில் முழு வெற்றி பெற்றிருந்தாலும்கூட அவர்களுக்குச் சட்டப்படி எதுவும் கிடைத்திருக்காது. இந்த எல்லை பின்னர் 2000இல் பத்து ஆண்டுகளாகவும், 2015இல் பதினைந்து ஆண்டுகளாகவும் உயர்த்தப்பட்டது.

அந்த ஆண்டின் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபோர்டின் பின்டோ கார் தீப்பற்றி மூவர் இறந்ததற்காக இந்தியானா மாநிலத்தில் தொடுக்கப்பட்ட குற்றவியல் வழக்கில், 1980 மார்ச்சில்தான் நிறுவனம் விடுதலை பெற்றிருந்தது. எரிபொருள் விலை ஏறி, சிறிய ஜப்பானிய கார்கள் சந்தையைப் பிடித்திருந்தன. கிறைஸ்லர் அரசின் கடன் உத்தரவாதத்தால் உயிர்பிழைத்துக்கொண்டிருந்தது. ஃபோர்டு அந்த ஓர் ஆண்டில் மட்டும் சுமார் 150 கோடி டாலர் இழந்தது. 2.3 கோடி வண்டிகளைத் திரும்ப அழைத்தால், அது அதுவரை உலகம் காணாத அளவாக இருந்திருக்கும்.

ஒட்டுவில்லை

நவம்பர் 1980 தேர்தலில் ஜிம்மி கார்ட்டர் தோற்றார். புதிய அரசு ஜனவரி 20 அன்று பொறுப்பேற்க இருந்தது. அதற்கு மூன்று வாரங்கள் முன்பு, டிசம்பர் 30 அன்று, போக்குவரத்துத் துறைச் செயலர் நீல் கோல்ட்ஷ்மிட் ஃபோர்டுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். இறுதி முடிவு எதுவும் அறிவிக்கப்படாமல் விசாரணை மூடப்பட்டது. நிறுவனம் குறைபாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. பதிலுக்கு, உரிமையாளர்களுக்குக் கடிதமும், வண்டியின் முன்பலகையில் ஒட்டிக்கொள்ள ஓர் எச்சரிக்கை வில்லையும் அனுப்புவதாக ஏற்றது. வண்டியை விட்டு இறங்கும் முன் நெம்புகோல் முழுமையாகப் பார்க்கில் உள்ளதா என்று பார்க்க வேண்டும், கைபிரேக்கை முழுதாக இழுக்க வேண்டும், இயந்திரத்தை அணைக்க வேண்டும், இல்லையேல் வண்டி எதிர்பாராமல் நகரக்கூடும் என்பது அதன் சாரம்.

உடன்படிக்கைக்கு நியாயம் சொல்ல முடியாமல் இல்லை. முழுத் திரும்ப அழைப்பைக் கோரியிருந்தால் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்திருக்கும்; அதுவரை ஒருவருக்கும் எச்சரிக்கை போயிருக்காது. எட்டு ஆண்டு எல்லைக்கு வெளியே இருந்த பழைய வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் கடிதம் போனது. சட்டத்தின் வழியில் போயிருந்தால் அவர்களுக்கு இலவசப் பழுதுநீக்கம் கிடைத்திருக்காது. வரப்போகும் அரசு தொழில் ஒழுங்குமுறைகளைத் தளர்த்துவதாக வெளிப்படையாகவே சொல்லி வந்தது. காத்திருந்தால் ஒட்டுவில்லைகூடக் கிடைக்காமல் போகலாம்.

எதிர்த்தவர்களின் வாதம் எளிமையானது. இன்று படிக்கும்போதும் அதற்கு வலு குறையவில்லை. ஒட்டுவில்லை ஓட்டுநரிடம் பேசுகிறது. ஆனால் அடிபடுபவர் பெரும்பாலும் வண்டிக்கு வெளியே நிற்பவர். முற்றத்தில் விளையாடும் குழந்தையும் அதில் உண்டு. பெட்டிக்குள் மேட்டின்மேல் நிற்கும் உருளைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. மேலும், போலிப் பார்க்கின் இயல்பே ஓட்டுநரை ஏமாற்றுவது. நெம்புகோல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன் என்று சொன்னவரிடம், 'சரியாகப் பாருங்கள்' என்று இன்னொரு முறை சொல்வதால் எவ்வளவு பயன் இருக்கும்? வில்லையில் உள்ள மூன்று அறிவுரைகளில் உண்மையில் உயிரைக் காப்பவை மற்ற இரண்டும்தான்: கைபிரேக்கும், இயந்திரத்தை அணைப்பதும். பாதுகாப்புப் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பொதுவான வரிசை ஒன்று உண்டு. முதலில் ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்க வேண்டும்; முடியாவிட்டால் தடுப்பு அமைக்க வேண்டும்; அதுவும் முடியாதபோதுதான் எச்சரிக்கை. இங்கே முதல் இரண்டு படிகளும் தாண்டப்பட்டன.

கடிதம் யாரைச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. ஒரு கார் அதன் வாழ்நாளில் மூன்று நான்கு கைகள் மாறும். 1981இல் பழைய ஃபோர்டு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக் கடிதம் கிடைத்து, அவர் வில்லையை ஒட்டியிருந்தாலும், அதே வண்டியை ஓராண்டு கழித்து வாங்கியவர் அதைக் கிழித்து எறிந்திருக்கலாம். இரும்பில் செய்யும் திருத்தம் வண்டியோடு போகும். காகிதத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

நீதிமன்றங்களில்

வாகனப் பாதுகாப்பு மையம் உடன்படிக்கையை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அதற்குள் ரேகன் அரசின் ட்ரூ லூயிஸ் செயலராகியிருந்ததால் வழக்கு அவர் பெயரில் நடந்தது. 1982இல் கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. விசாரணையை மீண்டும் திறக்கக் கோரிய முயற்சிகளும் பின்னர் பலிக்கவில்லை.

தனிநபர் இழப்பீட்டு வழக்குகளில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே கேள்வி 2.3 கோடி வண்டிகளைப் பற்றியதல்ல, ஒரே ஒரு வண்டியையும் ஒரே ஒரு குடும்பத்தையும் பற்றியது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் நடுவர் குழுக்கள் இழப்பீட்டோடு, பல இலட்சம் டாலர் தண்டனைத் தொகையையும் ஃபோர்டின்மேல் விதித்தன. வடிவமைப்பில் குறை உண்டா என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லாமல் விட்ட இடத்தில், மாநில நீதிமன்றங்கள் வழக்கு வழக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. சில வழக்குகளில் ஃபோர்டு வென்றதும் உண்டு.

பின்வந்த பூட்டுகள்

1974 திருத்தத்தில் இன்னொரு பிரிவு இருந்தது, சற்று விந்தையானது. இருக்கைப் பட்டி போட்டால்தான் வண்டி கிளம்பும் என்ற பூட்டு 1974 மாதிரி வண்டிகளில் கட்டாயமாகியிருந்தது. மக்கள் அதை வெறுத்தார்கள். பக்கத்து இருக்கையில் வைத்த மளிகைப் பைக்குக்கூடப் பட்டி போட வேண்டியிருந்தது. ஆகவே அத்தகைய பூட்டை அரசு கட்டாயமாக்குவதை அந்தத் திருத்தம் தடைசெய்தது. ஓட்டுநரின் செயலை இயந்திரம் தடுத்து நிறுத்துவது என்ற யோசனைக்கே அமெரிக்காவில் பல ஆண்டுகள் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தயக்கத்தை உடைத்தது ஒரு ஜெர்மன் கார். 1986 நவம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, ஆடி 5000 கார்கள் தாமாகவே வேகமெடுத்துப் பாய்வதாகக் காட்டியது. 1989இல் வெளியான அரசு ஆய்வு, ஓட்டுநர்கள் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்ததே முதன்மைக் காரணம் என்றது. ஆனால் அதற்குள் ஆடி தன் வண்டிகளில், பிரேக்கை மிதித்தால் மட்டுமே நெம்புகோல் பார்க்கைவிட்டு வெளியே வரும்படி ஒரு பூட்டைப் பொருத்தியிருந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. நெம்புகோல் பார்க்கில் இருந்தால்தான் சாவியை எடுக்க முடியும் என்ற விதி 1992 செப்டம்பரிலும், பிரேக் பூட்டு கட்டாயம் என்ற விதி 2010 செப்டம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. முன்னதை 1970களில் வைத்திருந்தால் பயன்பட்டிருக்குமா? இயந்திரத்தை அணைத்துச் சாவியை எடுப்பவரை அது காத்திருக்கும். இயந்திரத்தை ஓடவிட்டு இறங்குபவரை அது தடுத்திருக்காது. அன்று அடிபட்டவர்களின் கதைகளில் வருவது பெரும்பாலும் ஓடும் இயந்திரம்தான்.

நெம்புகோலே மின்னணுக் குமிழாக மாறிய காலத்தில் பழைய ஏமாற்றம் புதிய உருவில் திரும்பியது. ஃபியட் கிறைஸ்லரின் சில வண்டிகளில், எந்த நிலையைத் தேர்ந்தாலும் நெம்புகோல் நடுவிடத்துக்கே திரும்பிவிடும். கையின் உணர்வை வைத்து நிலையை அறிய முடியாது. பார்க்கில் போட்டதாக நினைத்து இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. 2016 ஏப்ரலில் உலகெங்கும் சுமார் 11 இலட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூனில் நடிகர் அன்டன் யெல்ச்சின் தன் வீட்டுச் சரிவுப் பாதையில் தன் ஜீப் உருண்டுவந்து நெரித்ததில் இறந்தார். அந்த வண்டியும் அழைப்புப் பட்டியலில் இருந்த வகை. அந்த அழைப்பில் செய்யப்பட்ட திருத்தம் மென்பொருளில் அமைந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க முற்பட்டால், குறிப்பிட்ட நிலைமைகளில் வண்டி தானே பார்க்குக்குப் போய்விடும்.

2022 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 29 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஸ்கேப், ஃபியூஷன், எட்ஜ் முதலிய, 2013 தொடங்கி வெவ்வேறு மாதிரி ஆண்டுகளைச் சேர்ந்த வண்டிகள் அவை. நெம்புகோலிலிருந்து வரும் கேபிளைக் கியர்பெட்டியோடு பிணைக்கும் சிறிய புஷ் ஒன்று வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நொறுங்கிக் கழன்றுவிடக்கூடும். அப்போது நெம்புகோல் பார்க்கில் நிற்கும், திரையும் பார்க் என்றே காட்டும், கியர்பெட்டி வேறு நிலையில் இருக்கும். இம்முறை புஷ்ஷை மாற்றி, அதன்மேல் காப்பு மூடியும் இலவசமாகப் பொருத்தித் தரப்பட்டது.

பழைய வண்டிகள் இன்று

1966 முதல் 1980 வரையான ஃபோர்டு வண்டிகள் இன்று சேகரிப்பாளர்களிடம் உள்ளன. சி-4, சி-6, எஃப்எம்எக்ஸ் என்ற குறியீடுகள் கொண்ட அக்காலக் கியர்பெட்டிகளை இன்றும் பட்டறைகளில் பிரித்துப் பூட்டுகிறார்கள். அவற்றைக் கையாள்வோர் பார்க்க வேண்டிய இடங்கள் பழைய விசாரணைக் கோப்புகள் காட்டிய அதே இடங்கள்தான்: இணைப்புக் கம்பிகளின் புஷ்கள், நெம்புகோல் நிலைக்கும் பக்கவாட்டுக் கையின் நிலைக்கும் உள்ள பொருத்தம், உள்தகட்டின் பள்ளங்கள், உருளையை அழுத்தும் சுருள்வில், பூட்டும் நாக்கின் முனை. பார்க் உண்மையில் விழுந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சமதளத்தில் இயந்திரத்தை அணைத்து, பார்க்கில் போட்டு, பிரேக்கை விட்டுவிட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது. நாக்கு பல்லில் விழுந்திருந்தால் வண்டி சிறிதளவு அசைந்து இறுகி நிற்கும். உருண்டுகொண்டே போனால் விழவில்லை. ஒருமுறை இறுகி நின்றதால் மறுமுறையும் நிற்கும் என்று பொருளல்ல, ஏனெனில் போலிப் பார்க் நேர்வது ஒவ்வொரு முறையும் நெம்புகோல் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அக்கால வண்டிகள் சிலவற்றில், 1981இல் அஞ்சலில் வந்த அந்த ஒட்டுவில்லை மங்கிய நிலையில் இன்னும் முன்பலகையில் ஒட்டியிருக்கிறது.